டோண்டினியோவையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் சிறுவர் இணைப்பில் பிரேசில் கால்பந்து வீரர் பீலேயைப் பற்றி வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். மூன்று உலகக் கோப்பைகள், ஆயிரமாவது கோல், ஏழை வீட்டில் பிறந்து உலகை வென்ற கதை என எல்லாம் அதில் இருந்தன. ஆனால் கட்டுரையின் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பீலே தனியாகவே நிற்கிறார், தந்தை டோண்டினியோகூடப் பக்கத்தில் இல்லை. பிறக்கும்போதே மேதை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே வளர்ந்தார் என்ற எண்ணம்தான் அதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு வரும். அது உண்மையில்லை என்று இந்தக் கடிதத்தில் சொல்ல விரும்புகிறேன். பிரேசிலில், சாண்டோஸ் நகரத்தில் உள்ள பீலே அருங்காட்சியகத்தை, எங்களுக்கென்றே ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு, அவசரமில்லாமல் சுற்றிப் பார்த்தவன் நான்.

சரக்குக் கப்பல்களில் போசனாக, அதாவது மேல்தள மாலுமிகளின் தலைவனாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம். எங்கள் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை என்று எந்த ஊருக்குப் போனாலும் சாயங்காலம் பையன்கள் பந்தோடுதான் நிற்பார்கள். ஆழ்கடலுக்குப் போகிறவர், கப்பலுக்குப் போகிறவர், பந்து ஆடுகிறவர் மூவரும் ஒரே வீட்டில் இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. இப்போது நானும் ஊரில் சிறுவர்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். அந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு ஒரு பையன் என்னிடம் வந்து, "அண்ணாச்சி, பீலேக்குக் கோச்சே கிடையாதாமே?" என்று கேட்டான். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சாண்டோஸ் பிரேசிலின் மிகப் பெரிய துறைமுகம். சர்க்கரை, சோயா, காபி எல்லாம் அங்கிருந்துதான் உலகத்துக்குப் போகின்றன. எங்கள் கப்பல் சர்க்கரை ஏற்றப் போயிருந்தது. பீலே மறைந்த அடுத்த ஆண்டு அது. சர்க்கரை ஏற்றும்போது மழை வந்தால் வேலை அத்தோடு நின்றுவிடும். சரக்கு அறைகளின் மேல்மூடிகளான ஹேட்ச் கவர்களை மூடிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நாள் முழுவதும் மழை என்று வானிலை அறிக்கை சொன்னதால் சீஃப் ஆபீசர் சிலரைக் கரைக்குப் போக அனுமதித்தார். கொல்லத்துக்காரரான இரண்டாம் இன்ஜினியர், எங்கள் பிலிப்பைன்ஸ் சமையல்காரர், இரண்டு இளம் மாலுமிகள், நான் என ஐந்து பேர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். மற்றவர்கள் கடைவீதிக்குப் போனார்கள். கப்பல் ஏஜென்ட் மூலமாக, ஆங்கிலம் தெரிந்த வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்திருந்தோம்.

அருங்காட்சியகம் இருக்கும் வாலோங்கோ பகுதி பழைய துறைமுகத்தை ஒட்டியது. எதிரிலேயே பழைய ரயில் நிலையம். உள்நாட்டில் விளைந்த காபியை மலையிலிருந்து கப்பலுக்கு இறக்குவதற்காக ஆங்கிலேயர் கம்பெனி போட்ட பாதை அது, 1867-ல் ஓடத் தொடங்கியது. அருங்காட்சியகக் கட்டடமும் அந்தக் காலத்து இரட்டை மாளிகைதான். ஒரு காலத்தில் நகராட்சி அலுவலகம் அங்கே இருந்திருக்கிறது. பிறகு கவனிப்பாரற்றுப் போய், 1985-லும் 1992-லும் தீப்பிடித்து, வெறும் சுவர்கள்தான் மிஞ்சின. அந்தச் சுவர்களை விட்டுவிடாமல் உள்ளே புதிதாகக் கட்டி, 2014 ஜூன் 15 அன்று, பிரேசிலில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோது திறந்தார்கள். 1958-ல் பீலே தன்னுடைய முதல் உலகக் கோப்பை ஆட்டத்தை ஆடியதும் ஒரு ஜூன் 15-தான், சோவியத் யூனியனுக்கு எதிராக.

வழிகாட்டி ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார். அவருடைய தந்தை அதே துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். நாங்கள் கப்பல்காரர்கள் என்று தெரிந்ததும் அந்த அம்மையாருடைய முகம் மலர்ந்துவிட்டது. இளைஞர்கள் இருவரும் நேரே கோப்பைகளைப் பார்க்க ஓடினார்கள். அவர் கைகாட்டி நிறுத்தி, "முதலில் இது" என்று ஒரு பெட்டியின் முன்னால் கொண்டுபோய் விட்டார்.

அது பீலே சிறுவயதில் ஷூ பாலிஷ் போடுவதற்காக வைத்திருந்த மரப்பெட்டி.

அந்தப் பெட்டிக்கு முன்னால் அவர் எங்களை நிறுத்தி வைத்துச் சொன்னவை எல்லாம் பீலேயைப் பற்றியே அல்ல, அவருடைய தந்தையைப் பற்றி. டோண்டினியோ என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட அவரும் பந்தாட்டக்காரர்தான். ஒன்பதாம் எண் சட்டை போட்ட சென்டர் ஃபார்வர்ட். தலையால் அடிப்பதில் பெரிய கெட்டிக்காரர். பெரிய கிளப்பான அத்லெட்டிகோ மினெய்ரோவில் வாய்ப்புக் கிடைத்த நேரத்தில் முழங்கால் போய்விட்டது. அதற்குப் பிறகு சின்னச் சின்ன ஊர்களின் கிளப்புகளில், கிடைத்த கூலிக்கு, வலிக்கும் காலோடு ஆடினார். பீலே 1940-ல் பிறந்த ட்ரெஸ் கொராசாயிஸ் ஊரைவிட்டு அந்தக் குடும்பம் பவுருவுக்குக் குடிபெயர்ந்ததும் தந்தையின் பந்தாட்டப் பிழைப்பைத் தேடித்தான். அந்தப் பிழைப்பு போதாமல் போனதால்தான் மகன் ஷூ பாலிஷ் பெட்டியைத் தூக்கினான். தாய் செலஸ்டே அம்மாளுக்குப் பந்தாட்டம் என்றாலே பிடிக்காது. கணவரின் முழங்காலைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு எப்படிப் பிடிக்கும்?

ஆசிரியர் அவர்களே, உங்கள் கட்டுரையில் 'ஏழைக் குடும்பம்' என்று இரண்டு சொற்களில் முடித்துவிட்ட இடம் இதுதான். அந்த ஏழைக் குடும்பத்தில் ஒரு பயிற்சியாளர் இருந்தார். தன் கால் போனாலும் தனக்குத் தெரிந்த அத்தனையையும் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். இரண்டு காலாலும் அடிக்க வேண்டும், தலையால் அடிக்கும்போது கண்ணை மூடக் கூடாது என்று. மகன் கூட்டாளிகளோடு சேர்ந்து சிகரெட் பிடிப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், இந்தப் பழக்கம் ஆட்டக்காரனின் உடம்பைக் கெடுத்துவிடும், அப்படியும் பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் மற்றவனிடம் கையேந்தாதே, இந்தா என்று தன்னிடமிருந்த பணத்தை எடுத்து நீட்டினார். பீலே வாங்கவில்லை. அன்றோடு விட்டதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். இதை எங்கள் ஊர்ப் பையன்களிடம் சொன்னபோது மைதானமே அமைதியாகிவிட்டது. கோல் கணக்கை ஒப்பித்தபோது இப்படி நடக்கவில்லை.

1950 உலகக் கோப்பையில் பிரேசில் உருகுவேயிடம் தோற்ற அன்று ரேடியோவின் அருகே டோண்டினியோ அழுததையும், ஒன்பது வயது மகன் "நான் உங்களுக்குக் கோப்பை வாங்கித் தருகிறேன்" என்று சொன்னதையும் பலரும் எழுதிவிட்டார்கள். அதை நான் திரும்ப எழுதவில்லை.

கட்டுரையில் பெயர்கூட வராத இன்னொருவர் வால்டெமார் டி பிரிட்டோ. 1934 உலகக் கோப்பையில் பிரேசிலுக்கு ஆடியவர். பவுருவில் சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அவரிடம் வந்து சேர்வதற்கு முன்னால் பீலேயும் கூட்டாளிகளும் தெருவில், காலுறைக்குள் துணியையும் காகிதத்தையும் திணித்துச் செய்த பந்தை வெறுங்காலோடு உதைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அணியாக நிற்பது, இடம் பார்த்து நகர்வது, ஒழுங்காகப் பயிற்சிக்கு வருவது இவற்றையெல்லாம் பழக்கியவர் பிரிட்டோ. அந்த வயதில் கூரைக்குக் கீழே சின்ன அரங்கில் ஆடும் ஐவர் ஆட்டத்தையும் பீலே நிறைய ஆடினார். இடம் குறைவு, யோசிக்க நேரம் கிடையாது, தன் வேகமான முடிவுகளுக்கு அந்த ஆட்டமே காரணம் என்று பின்னாளில் அவர் சொன்னார். பிறவியில் வந்தது என்று நாம் சொல்வதை அவரே பழக்கத்தில் வந்தது என்று சொல்கிறார் பாருங்கள்.

1956-ல் பிரிட்டோதான் அவரைக் கையோடு சாண்டோஸுக்கு அழைத்து வந்தார். தாயைச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான். பவுருவிலிருந்து ரயிலில் சாவ் பாலோ வந்து, அங்கிருந்து மலையிறங்கிக் கடற்கரை. தந்தையும் கூட வந்தார். பதினைந்து வயதுப் பையனுக்கு அது முதல் முழுக்கால் சட்டை. கடலைப் பார்த்ததும் அப்போதுதான். கடல் தெரியாமல் ஒரு பிள்ளை பதினைந்து வயது வரை வளர முடியும் என்பது எங்கள் கடற்கரைப் பையன்களால் நம்ப முடியாத விஷயம்! அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிக்கிறார்கள்.

வந்த புதிதில் சாண்டோஸ் கிளப்பின் விலா பெல்மிரோ மைதானத்துப் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே இருந்த விடுதி அறையில்தான் தங்கினார். வீட்டு நினைப்பு வாட்டியிருக்கிறது. சிறுவர் அணிக்கான ஒரு முக்கியமான ஆட்டத்தில் பெனால்டியை வெளியே அடித்துவிட்டு, அவமானம் தாங்காமல் விடியற்காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். கிளப்பில் வேலை பார்த்த ஒருவர் வாசலிலேயே அவரை மறித்து, எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் போக முடியாது என்று திருப்பி அனுப்பினார். அந்த ஊழியர் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் வழிகாட்டி கேட்டார். கேட்டுவிட்டு, தன் தகப்பனார் உட்பட அந்தத் துறைமுகத்தில் சுமை தூக்கிய அத்தனை பேரும் இந்தக் கதையைத்தான் மற்ற எல்லாக் கதைகளையும்விட அதிகமாகச் சொல்வார்கள் என்றார். காரணம் எனக்குப் புரிந்தது. பீலேயின் வரலாற்றில் அவர்களைப் போன்ற ஒருவருக்கு இடம் கிடைப்பது அந்த வாசலில்தான். 1956 செப்டம்பர் 7 அன்று சாண்டோஸின் பெரிய அணிக்காகப் பீலே முதல் ஆட்டம் ஆடினார், கோலும் அடித்தார்.

மேல்தளங்களில் சட்டைகள், பூட்ஸ்கள், விருதுகள், புகைப்படங்கள், ஓடிக்கொண்டே இருக்கும் திரைகள். அவற்றை விவரிக்கப் போவதில்லை. இணையத்தில் எல்லாம் கிடைக்கும். 1958 பற்றி மட்டும் சொல்கிறேன். சுவீடனுக்குக் கிளம்புவதற்குச் சற்று முன் கொரிந்தியன்ஸ் அணியுடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் பீலேயின் முழங்காலில் அடிபட்டுவிட்டது. தந்தையைச் சாய்த்த அதே முழங்கால் பயம். அணியின் மசாஜ் செய்பவர் மரியோ அமெரிக்கோ சுடுநீரில் நனைத்த துண்டுகளை வைத்து வைத்து அந்தக் காலைத் தேற்றினார். அது மட்டுமா? அணியோடு போயிருந்த மனநல நிபுணர், இந்தப் பையன் இன்னும் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறான், சேர்க்க வேண்டாம் என்று பரிந்துரைத்தார். பயிற்சியாளர் விசென்டே ஃபியோலா, முழங்கால் சரியாக இருந்தால் அவன் ஆடுவான் என்று முடித்துவிட்டார். முதல் இரண்டு ஆட்டங்களில் பீலே இல்லை. மூன்றாவதில் இறங்கினார். வேல்ஸுக்கு எதிரே ஆட்டத்தின் ஒரே கோல், பிரான்சுக்கு எதிரே மூன்று, இறுதி ஆட்டத்தில் சுவீடனுக்கு எதிரே இரண்டு. ஆட்டம் முடிந்ததும் பதினேழு வயதுப் பையன் கோல்கீப்பர் கில்மரின் தோளில் முகம் புதைத்து அழும் புகைப்படத்தை உலகமே பார்த்தது. அந்தப் படத்தை அச்சிடும் பத்திரிகைகள் கில்மரின் பெயரைக்கூடப் போடுவதில்லை. தோள் கொடுத்தவருக்கும் ஒரு பெயர் உண்டு.

1970 இறுதி ஆட்டத்தின் நான்காவது கோலை ஒரு திரையில் காட்டினார்கள். மற்ற இடங்களில் நகர்ந்துகொண்டிருந்த வழிகாட்டி அங்கே உட்கார்ந்துவிட்டார், நாங்களும் உட்கார்ந்தோம். முன்வரிசை ஆட்டக்காரரான டோஸ்டாவ் தன் அணியின் பாதி வரைக்கும் இறங்கி வந்து பந்தைப் பறிக்கிறார். கிளோடோவால்டோ அடுத்தடுத்து இத்தாலியர்களைத் தாண்டுகிறார். ரிவெலினோ, ஜெயர்சினியோ, பிறகு பீலே. பீலே பந்தை நிறுத்துகிறார். அடிக்கலாம், அடிக்கவில்லை. வலது பக்கம் யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து மெதுவாக உருட்டிவிடுகிறார். அந்த வெற்றிடத்துக்குக் கேப்டன் கார்லோஸ் ஆல்பர்ட்டோ ஓடி வந்து சேர்கிறார், பந்து வலையில். திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தோம். உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று பெயரெடுத்தவர், உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், கோலை இன்னொருவருக்குக் கொடுக்கிறார். பின்னால் ஒருவர் வருவார் என்ற நம்பிக்கை ஒரே நாளில் வருவதில்லை. கார்லோஸ் ஆல்பர்ட்டோவும் கிளோடோவால்டோவும் சாண்டோஸ் கிளப்பில் அவரோடு கூட ஆடியவர்கள். என்னிடம் வரும் பையன்களுக்கு அவர் அடித்த கோல்களைவிட இந்தப் பாஸைத்தான் அதிகம் காட்டுகிறேன்.

எல்லாம் புகழ்ச்சியாகவே இருந்தது என்று நினைக்க வேண்டாம். இன்ஜினியர் ராணுவ ஆட்சியைப் பற்றிக் கேட்டார். 1970-ல் கோப்பை வென்றவர்களோடு நாட்டை ஆண்ட ஜெனரல் மெடிசி சிரித்துக்கொண்டு நின்ற காலத்தில்தான் சிறைகளில் சித்திரவதை நடந்தது. பீலே வாய் திறக்கவில்லை என்று அவர் நாட்டிலேயே பலர் கடைசி வரை மன்னிக்கவில்லை. வழிகாட்டி மழுப்பாமல் பதில் சொன்னார். அதோடு, நாங்கள் கேட்காமலேயே, சாண்ட்ரா ரெஜினாவைப் பற்றியும் சொன்னார். நீதிமன்றம் பீலேயின் மகள் என்று தீர்ப்பளித்த பிறகும் அவரால் மனமார ஏற்றுக்கொள்ளப்படாதவர். சாண்டோஸ் நகராட்சி உறுப்பினராக இருந்து, 2006-ல் புற்றுநோயால் இறந்தார். "இந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேரையும் நேசித்தோம்" என்றார் அந்த அம்மையார். கூட்டத்தோடு கூட்டமாகப் போயிருந்தால் இதெல்லாம் எங்கள் காதுக்கு வந்திருக்காது. ஐந்து பேருக்கு ஒருவர் என்று கூட வந்ததால்தான் கேள்வி கேட்க முடிந்தது, பதிலும் வந்தது. அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் நுழைவுச்சீட்டோடு கொஞ்சம் பணத்தை வழிகாட்டிக்கும் ஒதுக்குங்கள் என்று யாரிடமும் சொல்வேன்.

என் பங்குக்கு நானும் அவருக்கு ஒரு செய்தி சொன்னேன். 1977 செப்டம்பர் 24 அன்று நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு பீலே கொல்கத்தா ஈடன் கார்டனில் ஆடினார். அந்த ஊர்க் கிளப்பான மோகன் பகான் அந்த ஆட்டத்தை 2-2 என்று சமன் செய்தது. ஹபீபும் ஷியாம் தாப்பாவும் கோல் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1-ல் பீலே விடைபெறும் ஆட்டமே ஆடிவிட்டார். வழிகாட்டி அந்தப் பெயர்களைக் கேட்டுக் கேட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இனி வரும் இந்தியர்களிடம் சொல்வாராம்.

ஒரு வருத்தம் உண்டு. 2016-ல் லண்டனில் நடந்த ஏலத்தில் பீலேயின் பொருள்கள் ஆயிரத்துக்கும் மேல் விற்கப்பட்டன. அவருடைய பொருள்கள், அவருடைய விருப்பம், அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் யாரோ ஒரு பணக்காரரின் அலமாரிக்குள் போய்விட்ட பதக்கத்துக்கு முன்னால் எந்த மாலுமியும், எந்தப் பள்ளிப் பிள்ளையும் இனி நின்று கேள்வி கேட்க முடியாது. ஷூ பாலிஷ் பெட்டி சாண்டோஸிலேயே இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அதை நினைக்கும்போதுதான் தெரிகிறது.

மாலையில் மழை சற்று ஓய்ந்ததும் விலா பெல்மிரோவைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் அவரை அடக்கம் செய்திருக்கும் அடுக்குமாடிக் கல்லறைக்கும் போனோம். 2023 ஜனவரியில் அந்த மைதானத்திலிருந்துதான் இறுதி ஊர்வலம் கிளம்பியது, நூறு வயதான தாயின் வீட்டு வழியாகப் போனது. அந்தக் கட்டடத்தில் பீலே பல ஆண்டுகளுக்கு முன்பே தனக்கு இடம் வாங்கி வைத்திருந்தார். ஒன்பதாவது மாடியில். டோண்டினியோ அணிந்த எண் ஒன்பது என்பதால் அந்த மாடியைத் தேர்ந்தெடுத்தாராம். கடைசியில் மக்கள் வந்து பார்க்க வசதியாகக் கீழே தனி மண்டபம் அமைத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த ஒன்பதைத் தேர்ந்தெடுத்தவர், தன்னை உருவாக்கியது யார் என்று அறிந்தவர்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இது. அதே சிறுவர் இணைப்பில், அதே அளவு இடத்தில், இன்னொரு கட்டுரை வெளியிடுங்கள். டோண்டினியோ, செலஸ்டே அம்மாள், வால்டெமார் டி பிரிட்டோ, மரியோ அமெரிக்கோ, ஃபியோலா, கில்மர், விடியற்காலையில் வாசலில் நின்ற அந்த ஊழியர் எல்லோரும் அதில் வரட்டும். எங்கள் தேவாலயப் பங்கு மைதானங்களில் சம்பளம் வாங்காமல் பந்து சொல்லிக்கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மீன் விற்ற காசில் மகனுக்குப் பூட்ஸ் வாங்கிக் கொடுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் உங்கள் இணைப்பை வாசிக்கிறார்கள்.

கப்பலில் இருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. சாண்டோஸுக்குப் போனால், கரையிறங்கும் அனுமதிச் சீட்டான ஷோர் பாஸ் கைக்கு வந்த உடனே ஏஜென்ட்டிடம் வழிகாட்டி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. நாலைந்து பேராகச் சேர்ந்து போனால் செலவு ஆளுக்குப் பெரிதாக வராது. கோப்பைகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் போசன்,
தூத்தூர் கடற்கரை, கன்னியாகுமரி மாவட்டம்.